கண்ணுக்குள் ஒரு பாவை: ‘பியூப்பில்’ என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் பரிசோதனைப் படிப்புக்கு வரும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்துக்கு மருத்துவத்தில் ‘பியூப்பில்’ என்று பெயர். தமிழ்வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் இந்தச் சொல்லையும், இதன் உறவுக்காரர்களான நீளமான நோய்ப்பெயர்களையும் பார்த்து மிரண்டு போகிறார்கள். எழுதி எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். அவ்வளவு பாடுபடத் தேவையில்லை. இந்தச் சொல்லின் பொருள் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே புழங்குவதுதான். வருஷா வருஷம் அவர்கள் கேட்கும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘பியூப்பில்’ என்பதற்கு நேர்ப் பொருள் என்ன?

சின்னப் பெண். அல்லது சின்னப் பொம்மை.

லத்தீனில் ‘பூபா’ என்றால் சிறுமி. பொம்மைக்கும் அதே சொல்தான். நாம் முன்னால் ‘குட்டி’ என்று சேர்த்துக் கொஞ்சுவதை அவர்கள் சொல்லின் வாலில் ‘இல்லா’ என்று சேர்த்துச் செய்வார்கள். அப்படிப் பிறந்தது ‘பூபில்லா’. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் ‘பியூப்பில்’ ஆனது.

ரோமானியப் பொம்மை எப்படி இருக்கும் என்று கேட்டால் நான் ஒரு படத்தைக் காட்டுவேன். 1889-ல் ரோமில் நீதிமன்றக் கட்டடத்துக்காக மண்ணைத் தோண்டியபோது கிரெபெரெயா ட்ரிஃபைனா என்ற இளம்பெண்ணின் கல் சவப்பெட்டி கிடைத்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பெண். அவள் பக்கத்தில் தந்தத்தில் செய்த ஒரு பொம்மை இருந்தது; கையும் காலும் மூட்டில் மடங்கும். ‘பூபா’ என்றதும் ரோமானியக் குழந்தையின் மனத்தில் வந்து நின்றது அப்படிப்பட்ட ஒன்றுதான்.

கண்ணில் இருப்பது வெறும் ஓட்டை. ஓட்டைக்கு ஏன் பெண்ணின் பெயர்?

இந்தக் கேள்வி வந்ததும் வகுப்பில் இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே உட்காரச் சொல்வேன். முகத்துக்கு நேராக ஜன்னல் வெளிச்சம் விழ வேண்டும். ஒரு சாண் தூரத்தில் எதிரே இருப்பவரின் கண் நடுவை உற்றுப் பாருங்கள். அந்தக் கறுப்பு வட்டத்தில் ஒரு குட்டி மனித உருவம் தெரியும். தலை, தோள், காதோர முடி வரைக்கும் இருக்கும். பொம்மை போல அசையாமல் நின்று உங்களையே திரும்பிப் பார்க்கும். அது நீங்கள்தான்.

பெயர் வைத்தவர்கள் ஓட்டைக்குப் பெயர் வைக்கவில்லை. அதில் தெரிந்த ஆளுக்கு வைத்தார்கள். கண்ணை இவ்வளவு பக்கத்தில் யார் பார்ப்பார்கள்? குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய் பார்ப்பாள், காதலர்கள் பார்ப்பார்கள், வைத்தியர் பார்ப்பார். எனக்கு இதை முதலில் காட்டியது என் ஆச்சி. மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, “ஆச்சி கண்ணுக்குள்ள யாரு இருக்கா பாரு” என்பாள். நான் பார்த்துவிட்டு “பாப்பா!” என்று கத்துவேன். பியூப்பில் என்ற சொல்லுக்கு அதைவிடச் சரியான மொழிபெயர்ப்பை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை.

அந்த உருவம் உண்மையில் எங்கே தெரிகிறது?

கார்னியாவில். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல மூடியிருக்கும் தெளிவான படலம் அது. மேலே எப்போதும் கண்ணீர் ஈரம் படர்ந்திருப்பதால் பளபளவென்று இருக்கும். வெளிப்பக்கம் புடைத்திருப்பதால் பைக்கின் பக்கவாட்டுக் கண்ணாடியைப் போலக் குவி ஆடியாக வேலை செய்கிறது. குவி ஆடியில் உருவம் நிமிர்ந்தும் சிறுத்தும் தெரியும்.

எவ்வளவு சிறுத்து? கணக்குப் போட்டே பார்க்கலாம். கார்னியாவின் வளைவு ஆரம் சுமார் 7.8 மி.மீ. குவியத் தொலைவு அதில் பாதி, 3.9 மி.மீ. முப்பது சென்டிமீட்டர் தள்ளி 20 செ.மீ. நீள முகம் ஒன்று இருந்தால் அதன் பிம்பம் ஏறக்குறைய 2.6 மி.மீ. உயரத்தில் விழும். நல்ல வெளிச்சத்தில் பியூப்பிலின் குறுக்களவு 2 முதல் 4 மி.மீ. வரை. சட்டத்துக்கு அளவெடுத்துப் போட்ட படம் மாதிரி முகம் அதற்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது! இந்தக் கணக்கைப் பலகையில் போட்டு முடிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

பின்னால் இருக்கும் ஓட்டை இருட்டாக இருப்பதால்தான் உருவம் எடுப்பாகத் தெரிகிறது. வெளிர்நிறக் கண்களில், ஓட்டையைச் சுற்றியிருக்கும் நிற வளையமான ஐரிஸின் மேல் விழும் பகுதி மங்கிவிடும்; நடுவில் இருப்பது மட்டும் பளிச்சென்று நிற்கும். கண்ணில் தெரியும் இந்தப் பிரதிபலிப்புகளைப் பின்னாளில் முறையாக விவரித்தவர் செக் நாட்டு விஞ்ஞானி புர்க்கின்யே. 1823-ல் எழுதினார். கார்னியாவின் இரண்டு பரப்புகளிலும் லென்ஸின் இரண்டு பரப்புகளிலுமாக மொத்தம் நான்கு பிம்பங்கள் உண்டு. அவற்றில் மிகத் தெளிவானது கார்னியாவின் முன்பரப்பில் விழுவது. பூபில்லா அதுதான்.

கிரேக்கத்தில் இதற்கு என்ன சொல்?

‘கோரே’. இளம்பெண் என்று பொருள்; பொம்மைக்கும் சொல்வார்கள், பியூப்பிலுக்கும் சொல்வார்கள். லத்தீனில் பார்த்த அதே மூன்று பொருள். பாதாள உலகுக்குக் கவர்ந்து செல்லப்பட்ட பெர்செஃபோனேயைக் கிரேக்கர்கள் கோரே என்றே வணங்கினார்கள். ஏதென்ஸின் அக்ரோபோலிஸில் கிடைத்த பளிங்குக் கன்னிச் சிலைகளையும் இன்று இந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் அக்ரகாஸ் நகரில் வாழ்ந்த கிரேக்கத் தத்துவவாதி எம்பெடோக்ளிஸ் இந்தச் சொல்லின் இரு பொருளையும் வைத்து ஒரு கவிதை செய்திருக்கிறார். மழைக்கால இரவில் வெளியே கிளம்புகிறவன், காற்று அடித்து அணைத்துவிடாதபடி திரை போட்ட விளக்கை எடுத்துக்கொள்கிறான். அதைப்போல ஆதி நெருப்பானது மெல்லிய துணிகளில் பொதியப்பட்டு வட்டமான ‘கோரே’யாகக் கண்ணுக்குள் வைக்கப்பட்டது என்கிறார். துணியில் சுற்றிய பெண் குழந்தையும் கண்படலங்கள் சுற்றிய கண்மணியும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. கண்ணிலிருந்து நெருப்பு புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று அவர் நம்பியதை இன்று யாரும் ஏற்பதில்லை. உவமை மட்டும் கெட்டுப்போகவில்லை.

பிளாட்டோவின் பெயரில் வழங்கும் ‘அல்கிபியாடிஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் பெயர்க்காரணத்தையே சொல்லிவிடுகிறார். எதிரே இருப்பவரின் கண்ணுக்குள் பார்த்தால் பார்ப்பவரின் முகம் கண்ணாடியில் போலத் தெரிகிறது. அதைத்தான் கோரே என்கிறோம் என்கிறார். கண் தன்னைத் தானே பார்க்க வேண்டுமானால் இன்னொரு கண்ணைத்தான் பார்த்தாக வேண்டும், மனமும் அப்படித்தான் என்று பேச்சு வளர்கிறது.

லத்தீன்காரர்கள் கிரேக்கச் சொல்லை மொழிபெயர்த்துக்கொண்டார்களா?

மருத்துவச் சொற்களில் ரோமானியர்கள் கிரேக்கரைப் பின்பற்றியதற்கு நிறைய உதாரணங்கள் உண்டு. ‘கோரே’யைப் பார்த்து ‘பூபில்லா’வை உண்டாக்கியிருக்கலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கிரேக்கத்தோடு தொடர்பில்லாத மொழிகளிலும் இதே யோசனை வந்திருப்பதால், யாரும் யாருக்கும் கற்றுக்கொடுக்கத் தேவைப்படவில்லை என்றே நான் நினைக்கிறேன். அடுத்த இரண்டு பதில்களையும் பார்த்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

தமிழில்?

‘பாவை’. இதற்காகத்தான் இந்தப் பாடத்தை நான் அவசரப்படாமல் எடுக்கிறேன்.

பாவை என்றால் பெண். பாவை என்றால் பொம்மை. பாவைக்கூத்து, பாவை விளக்கு, கொல்லிப்பாவை. பாவை என்றால் கண்ணின் கறுப்பு நடு. கோரே, பூபில்லா, பாவை மூன்றும் ஒரே மூன்று பொருளை ஒரே மாதிரி சுமக்கின்றன. இன்னும் ஒரு படி மேலே போகலாம்: லத்தீன் ‘பூபா’விலிருந்து கிளைத்ததுதான் ஆங்கிலத்தின் ‘பப்பெட்’, கூத்துப் பொம்மை. தமிழில் அதுவும் பாவைதான். தோலில் வெட்டி ஆட்டினால் தோற்பாவை.

குறளில் காதற்சிறப்புரைத்தல் அதிகாரத்தில் 1123-ஆம் குறள்:

கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும்
திருநுதற்கு இல்லை இடம்.

என் கண்ணின் கருமணியில் இருக்கும் பாவையே, நீ கிளம்பு. நான் விரும்பும் அழகிய நெற்றிக்காரிக்கு அங்கே இடம் போதவில்லை என்று காதலன் தன் கண்ணோடு பேசுகிறான். கருமணி வேறு, அதற்குள் இருக்கும் பாவை வேறு என்று வள்ளுவர் பிரித்துச் சொல்வதைக் கவனியுங்கள். கறுப்பு வட்டம் வீடு. பாவை அதில் குடியிருப்பவள். பியூப்பிலின் பெயர்க்காரணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரால் சொல்ல முடியும்? நான் இதற்கு மேலும் ஒன்றை நினைத்துக்கொள்வேன்: அவள் எதிரே வந்து நின்றால் அவன் கண்ணில் தெரியும் பாவை அவளேதான். அதைப் பார்க்க முடியாதவன் அவன் ஒருவன் மட்டும்.

வேறு எந்த மொழிகளில் இப்படி இருக்கிறது?

வேத நூல்களில் ‘கனீனிகா’, சிறுமி. இந்தியில் ‘புத்லி’, பொம்மை. தெலுங்கில் ‘கண்டிபாப’, கண்ணின் பாப்பா. ஸ்பானியத்தில் கண்ணின் ‘நீன்யா’, போர்த்துகீசியத்தில் கண்ணின் ‘மெனினா’, இரண்டும் சிறுமிதான். சில மொழிகள் ஆணைப் பார்த்திருக்கின்றன: அரபியில் ‘இன்சான் அல்-ஐன்’ என்றால் கண்ணின் மனிதன், பாரசீகத்தில் ‘மர்தொமக்’ என்றால் குட்டி மனிதன். மலையாளத்தில் ‘கிருஷ்ணமணி’, அங்கே நிறம்தான் பெயர், நம் ‘கருமணி’ மாதிரி.

17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் காதலர்கள் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் ‘கண்ணில் பாப்பா பார்ப்பது’ என்றே சொல்லியிருக்கிறார்கள்.

பள்ளி மாணவரையும் ‘பியூப்பில்’ என்கிறார்களே, அது வேறு சொல்லா?

ஒரே குடும்பம்தான். ‘பூபுஸ்’ என்றால் சிறுவன். அதிலிருந்து ‘பூபில்லுஸ்’, பெண்ணென்றால் அதுவும் ‘பூபில்லா’. ரோமானியச் சட்டத்தில் தகப்பனை இழந்து காப்பாளரின் பொறுப்பில் வளரும் சிறு பிள்ளைக்கு இந்தப் பெயர். ஆங்கிலத்தில் முதலில் அந்தச் சட்டப் பொருளில் வந்து, பிறகு ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும் பிள்ளையையும் குறித்தது. பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழுப் பருவத்துக்கு உயிரியல் அறிஞர் லின்னேயஸ் ‘பியூப்பா’ என்று பெயர் வைத்தாரே, அதுவும் இதே ‘பூபா’. துணியில் இறுக்கச் சுற்றிய குழந்தை மாதிரி இருப்பதால். நாய்க்குட்டியைச் சொல்லும் ‘பப்பி’கூட பொம்மையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழியாக வந்ததுதான்.

கோரே என்ற சொல் இன்றைய மருத்துவத்தில் எங்கே இருக்கிறது?

பரீட்சைக்கு உதவும் பதில் இது. பகுதியை லத்தீனில் சொல்கிறோம், அதன் கோளாறுகளைக் கிரேக்கத்தில் சொல்கிறோம். உடற்கூற்றியலில் பெயர் ‘பியூப்பில்’. நோய்க்குப் பெயர் வைக்கும்போது ‘கோரியா’ வந்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு கண்ணின் பாவையும் ஒரே அளவில் இல்லாவிட்டால் அனைசோகோரியா. ‘ஐசோஸ்’ என்றால் சமம், முன்னால் வரும் ‘அன்’ அதை மறுக்கிறது. ஐந்து பேரில் ஒருவருக்கு அளவில் லேசான வித்தியாசம் இயல்பாகவே இருக்கும்; பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தலையில் அடிபட்டவருக்குத் திடீரென்று ஒரு பக்கம் மட்டும் விரிந்தால் அது அவசரம். பாவை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருந்தால் கோரெக்டோப்பியா. ‘எக்டோபோஸ்’ என்றால் இடம் பெயர்ந்தது. ஒரே கண்ணில் ஒன்றுக்கு மேற்பட்ட பாவை இருந்தால் பாலிகோரியா.

லியூக்கோகோரியா என்ற சொல்லை மட்டும் எல்லாரும், மருத்துவம் படிக்காதவர்களும், தெரிந்துகொள்ள வேண்டும். ‘லியூக்கோஸ்’ வெள்ளை, வெள்ளைப் பாவை. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் மின்னினால், அடுத்த விடுமுறைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பிறவிக் கண்புரையாக இருக்கலாம். சிறு குழந்தைகளின் விழித்திரையில் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் குழந்தையைக் காப்பாற்றலாம், பல சமயம் கண்ணையும் காப்பாற்றலாம். சொல்லின் வேரைத் தெரிந்துகொண்ட மாணவி ஒருத்தி இந்தப் பெயரை மறக்கவே மாட்டாள் என்பதால்தான் நான் வேரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

‘கிளீனே’ என்றும் ஒரு சொல் இருக்கிறதாமே?

ஆமாம், அதுவும் கிரேக்கம், கோரேயைவிடக் கவிதைவழக்கு. ஹோமரின் இலியாத்தில் பின்வாங்கும் டயோமிடீஸைப் பார்த்து ஹெக்டர் ‘கிளீனே’ என்று ஏசுகிறான். பொம்மைப் பெண்ணே என்ற ஏளனம். ஒடிசியில் ஒற்றைக்கண் அரக்கனின் எரிந்துபோகும் விழியும் கிளீனேதான். கண்ணைத் தோண்டியெடுத்த குழி மாதிரி ஆழமில்லாத எலும்புக் குழிக்கும் அந்தப் பெயர் போனது. நம் தோள்பட்டையில் கை எலும்பு பொருந்தும் இடத்தை ‘கிளினாய்டு’ என்கிறோமே, அது இந்தக் கிளீனேயின் வாரிசு.

எஃபெசஸ் ஊர்க்காரரான ரூஃபுஸ் என்ற மருத்துவர் உடலுறுப்புகளின் பெயர்களுக்கென்றே ஒரு நூல் எழுதினார். கண்ணின் நடுவில் தெரிவது கோரே, அதற்குள் தெரியும் நிழலுருவம் கிளீனே என்று அதில் பிரித்திருக்கிறார். கருமணியும் பாவையும் என்று குறள் பிரித்ததை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரிக்கிறார்களே, அதற்கும் ஏதாவது கதை உண்டா?

உண்டு. பாவையை விரிக்கும் பழைய மருந்தான அட்ரோபின், ‘அட்ரோபா பெல்லடோனா’ என்ற செடியில் இருக்கிறது. ‘பெல்லா டோனா’ என்றால் இத்தாலிய மொழியில் அழகி. கண் பெரிதாகவும் கருமையாகவும் தெரிய அந்தச் செடியின் சாற்றைப் பெண்கள் கண்ணில் விட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ‘அட்ரோபோஸ்’ கிரேக்கப் புராணத்தில் ஆயுள் நூலை அறுக்கும் தேவதை. செடி கடும் விஷம். அழகியும் எமனும் ஒரே பெயரில்.

ஒரு கிராமத்துக் கண் முகாமில் மருந்து விட்டு அரை மணி நேரம் உட்கார வைத்த பாட்டி என்னிடம், “ஏம்மா, பாப்பாவைப் பெருசாக்கிட்டியா? எல்லாம் கூசுதே” என்று கேட்டார். ‘டைலேட்’ என்ற சொல்லை அவர் முன்னால் நான் உச்சரிக்கவே இல்லை.

சுருங்குவதற்குப் பெயர் மையோசிஸ். கண்ணை மூடுவதைச் சொல்லும் ‘மியூயின்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி. கிட்டப்பார்வைக்காரர் கண்ணை இடுக்கிப் பார்ப்பாரே, ‘மயோப்பியா’வும் அதே வேர்தான்.

‘ஆப்பிள் ஆஃப் தி ஐ’ என்பதில் ஆப்பிள் எப்படி வந்தது?

பழைய ஆங்கிலேயர்கள் பாவையை உருண்டையான ஒரு கெட்டிப் பொருள் என்று நினைத்து ஆப்பிள் என்றார்கள். பைபிளின் எபிரேய மூலத்தில் ஆப்பிள் இல்லை. ‘ஈஷோன்’, கண்ணின் குட்டி மனிதன். 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு ஆப்பிளை வைத்துக்கொண்டது. தமிழ் பைபிளில் 17-ஆம் சங்கீதம் ‘கண்மணியைப்போல என்னைக் காத்தருளும்’ என்கிறது.

ரோமானியர்கள் பூபில்லாவைப் பற்றி வேறென்ன நம்பினார்கள்?

கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோமானிய எழுத்தாளர் பிளினி நிறையக் குறித்து வைத்திருக்கிறார். இவ்வளவு சிறிய பூபில்லா முழு மனித உருவத்தையும் காட்டுகிறதே என்று வியக்கிறார். கையில் பிடித்த பறவை ஏன் கண்ணைக் குறிவைத்துக் கொத்துகிறது என்றால், அதில் தன் உருவத்தையே பார்த்துவிட்டுத் தன் இனத்தைத் தேடிப் போகிறது என்பது அவர் விளக்கம். நோயாளியின் கண்ணில் உருவம் தெரியும் வரை உயிருக்குப் பயமில்லை என்றும் எழுதியிருக்கிறார். இதில் கண்ணால் பார்த்த அனுபவம் இருக்கிறது: உயிர் போனபின் கார்னியா ஈரம் காய்ந்து மங்கிவிடும், பிம்பமும் போய்விடும். ஒரே கண்ணில் இரண்டு பாவை உள்ள பெண்கள் பார்த்தாலே தீங்கு வரும் என்ற கண்ணேறு நம்பிக்கையும் அங்கே இருந்தது.

கண்ணின் மற்ற பகுதிகளுக்கு?

சுருக்கமாகச் சொல்கிறேன். ஐரிஸ் கிரேக்கத்தில் வானவில். பல நிறக் கண்களைப் பார்த்தவர்கள் வைத்த பெயர், நாம் ‘கருவிழி’ என்றோம். கார்னியா லத்தீனில் கொம்பு போன்றது. லென்ஸ் என்பது மைசூர்ப் பருப்பு. ரெட்டினா வலையைக் குறிக்கும் ‘ரெட்டே’யிலிருந்து. ஐரிஸை உள்ளடக்கிய நடுப்படலமான யூவியா, திராட்சை: கறுப்புத் திராட்சையின் காம்பைப் பிடுங்கினால் ஒரு சின்ன ஓட்டை விழுமே, அதுதான் பியூப்பில்.

நோயாளியிடம் பேசும்போது எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும்? கண்மணியா, கண்பாவையா, பாப்பாவா?

அறிக்கையில் பியூப்பில் என்றே எழுதுங்கள். அடுத்து பார்க்கும் மருத்துவருக்குக் குழப்பம் வரக்கூடாது. தமிழில் கட்டுரை எழுதினால் ‘கண்பாவை’ எழுதுங்கள். பள்ளிப் புத்தகத்தில் படித்த சொல், எல்லாருக்கும் புரியும். ‘கண்மணி’ என்பதைச் சிலர் முழு விழிக்கும் சொல்வதால் அளவு குறிக்கும் இடத்தில் தவிர்ப்பேன். எதிரே வயதானவரோ குழந்தையோ உட்கார்ந்திருந்தால் ‘கண்ணு பாப்பா’ என்று சொல்லுங்கள். டார்ச்சை அணைத்துவிட்டு ஒரு நொடி அந்தக் கண்ணுக்குள் பாருங்கள், வெள்ளைக் கோட்டோடு நீங்கள் நிற்பது தெரியும்.